பல்கலைக்கழக நிதி திரட்டலும் நன்கொடையாளர் உறவும்: இந்தத் துறையில் காலூன்ற ஒரு முழுமையான வழிகாட்டி

நான் இந்த வேலைக்கு வந்த மூன்றாவது வாரம். மேஜையில் இருந்த ஃபோன் அடித்தது. மறுமுனையில் ஒரு பெரியவர். “தம்பி, போன வருஷம் நான் அனுப்பின பணம் வந்து சேர்ந்துச்சா?” என்று கேட்டார். கணினியில் தேடிப் பார்த்தேன். பணம் வந்திருந்தது, ரசீதும் போயிருந்தது. “வந்துடுச்சு சார், ரசீதுகூட அனுப்பியிருக்கோமே” என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. “ரசீது வந்துச்சு தம்பி. அந்தப் பணத்துல யாராவது படிச்சாங்களான்னுதான் கேட்டேன்.”

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை அவருடைய ஃபைலை எடுத்து முழுக்கப் படித்தேன். 11 வருடங்கள், 11 நன்கொடைகள், 11 ரசீதுகள். ‘இந்த ஆண்டும் கைகொடுங்கள்’ என்று நாங்கள் அனுப்பிய கடிதங்கள் 14. உங்கள் பணத்தில் இது நடந்தது என்று சொல்கிற ஒரு வரிகூட அதில் இல்லை.

தமிழில் ‘கேட்பது’ என்றால் பணம் கேட்பதும்தான், ஒருவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதும்தான். இந்தத் துறையைப் பற்றி வெளியே தெரிந்ததெல்லாம் முதல் பொருள். வேலையின் பெரும்பகுதி நடப்பது இரண்டாவதில். இதைப் பிழைப்பாக மட்டும் இல்லாமல் ஒரு தொழில்வாழ்க்கையாகவே கட்டிக்கொள்ள நினைப்பவர்களுக்கு, எதை முதலில் செய்ய வேண்டும், எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதல் படி: உள்ளே என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் ‘நிதி திரட்டும் அலுவலகம்’ என்று ஒரே பெயர். உள்ளே போனால் குறைந்தது ஆறேழு தனித்தனித் தொழில்கள் இருக்கும்.

ஆண்டு நன்கொடைப் பிரிவு ஆயிரக்கணக்கான முன்னாள் மாணவர்களிடம் சிறு தொகைகளைத் திரட்டுகிறது. கடிதம், மின்னஞ்சல், ஃபோன், ஒரே நாளில் நடத்தும் நன்கொடை இயக்கம் எல்லாம் இவர்களுடையவை. பெருநன்கொடைப் பிரிவில் இருப்பவர் குறைவான ஆட்களுடன் பல ஆண்டுகள் பழகிப் பெரிய தொகைகளுக்கு வழி செய்கிறார். நிறுவனங்களிடமும் அறக்கட்டளைகளிடமும் விண்ணப்பம் எழுதிப் பணம் பெறுவது இன்னொரு பிரிவு. உயில் வழியாக வரும் கொடைகளைக் கவனிப்பது வேறொன்று. ஒருவருக்கு எதில் ஆர்வம், எவ்வளவு கொடுக்க முடியும் என்று பொதுவில் கிடைக்கும் தகவல்களை வைத்து ஆராய்பவர்கள் தனி. வந்த பணத்தைச் சரியான கணக்கில் சேர்த்து ரசீது போடுபவர்களும் தனி. கொடுத்தவருக்கு நன்றி சொல்லி, பணம் என்ன ஆயிற்று என்று கணக்குச் சொல்லி, உறவை உயிரோடு வைத்திருப்பது நன்கொடையாளர் உறவுப் பிரிவு.

சிறிய பல்கலைக்கழகங்களில் இத்தனையையும் இரண்டு பேரே செய்வார்கள். ஆரம்பத்தில் அப்படி ஓர் இடம் கிடைத்தால் அதை நல்வாய்ப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்தில் எல்லாவற்றிலும் கைபடும்.

எது உங்களுக்கு ஒத்துவரும்? கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது சரிப்படாது என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்த மிகச் சிறந்த பெருநன்கொடை அலுவலர் அதிகம் பேசாதவர். பேச்சுத் திறமையைவிட, எதிரே இருப்பவர் சொன்னதை ஆறு மாதம் கழித்தும் நினைவில் வைத்திருப்பதுதான் இங்கே செல்லுபடியாகும் திறமை. எழுதப் பிடித்தவர்கள் நன்கொடையாளர் உறவுக்கும் விண்ணப்பம் எழுதும் பிரிவுக்கும் போகலாம். தோண்டித் துருவிப் பார்ப்பவர்கள் ஆராய்ச்சிப் பிரிவுக்கு.

இரண்டாம் படி: பணத்தின் மொழியைப் பழகுங்கள்

இதை நிறையப் பேர் தள்ளிப்போடுகிறார்கள், அப்புறம் ஒரு நன்கொடையாளர் முன்னால் திணறுகிறார்கள். நான்கைந்து கருத்துகள் தெளிவாக இருந்தால் போதும்.

முதலாவது, நிபந்தனையோடு வரும் பணம், நிபந்தனை இல்லாத பணம். ‘இயற்பியல் துறை மாணவர்களுக்கு மட்டும்’ என்று ஒருவர் கொடுத்தால் அதை நூலகத்துக்குச் செலவழிக்க முடியாது. நிர்வாகத்துக்கு எப்போதும் நிபந்தனை இல்லாத பணம் பிடிக்கும், கொடுப்பவருக்குப் பெரும்பாலும் நிபந்தனை பிடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் நீங்கள்.

இரண்டாவது, உடனே செலவழிக்கும் நன்கொடையும் நிரந்தர நிதியும். எண்டோமென்ட் என்று சொல்லப்படும் நிரந்தர நிதியில் முதலைத் தொடமாட்டார்கள். அதை முதலீடு செய்து, ஆண்டுக்கு ஏறக்குறைய 4 முதல் 5 சதவீதம் மட்டும் எடுத்துச் செலவழிப்பார்கள். மிச்ச வருமானம் முதலோடு சேர்ந்து, விலைவாசி ஏறினாலும் நிதியின் மதிப்பு தேயாமல் காக்கும். ஆக, ஒருவர் 1 லட்சம் கொடுத்து நிரந்தர உதவித்தொகை ஏற்படுத்தினால் ஆண்டுக்கு மாணவர் கையில் போவது 4,000 அல்லது 5,000 தான். ஆனால் அது அவருடைய பேரப்பிள்ளைகள் காலத்திலும் போய்க்கொண்டிருக்கும். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். ‘1 லட்சம் கொடுத்தேன், 4,000 தானா?’ என்ற கேள்வி பின்னால் வந்தால் அது உங்கள் தவறு.

தமிழ் வாசகர்கள் எல்லாருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு ஹார்வர்டு தமிழ் இருக்கை. அதற்கு 60 லட்சம் டாலர் வேண்டும் என்று ஏன் கேட்டார்கள்? ஒரு பேராசிரியருக்குக் காலம் முழுக்கச் சம்பளம் கொடுக்கவும் அவர் துறையை நடத்தவும் தேவையான தொகை, அந்த முதலின் ஆண்டு வருமானத்திலிருந்தே வர வேண்டும் என்பதால்தான். இரண்டு மருத்துவர்கள் தொடங்கி வைத்து, தமிழ்நாடு அரசும் உலகெங்கும் உள்ள தமிழர்களும் சேர்ந்து 2018-ல் அந்த இலக்கை எட்டினார்கள். இவ்வளவு பெரிய தொகைக்கு ஒரே ஓர் இருக்கைதானா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. இந்தக் கணக்கைப் பொறுமையாக விளக்கத் தெரிந்தவர்களே அன்று அந்த முயற்சிக்கு வேண்டியிருந்தார்கள்.

மூன்றாவது, வாக்குறுதிக்கும் வந்த பணத்துக்கும் உள்ள வித்தியாசம். ஐந்து ஆண்டுகளில் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தது இன்னும் வங்கிக்கு வரவில்லை. இதோடு உங்கள் நாட்டின் வரிச்சலுகை விதிகளையும் படித்துவையுங்கள். ஆனால் வரி ஆலோசனை சொல்லாதீர்கள். “உங்கள் கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்” என்பதே சரியான பதில்.

மூன்றாம் படி: உள்ளே நுழையும் வாசல்கள்

இதற்கென்று ஒரு பட்டம் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள், வங்கி ஊழியர்கள், தொண்டு நிறுவனங்களில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து நன்றாகச் செய்திருக்கிறார்கள். மாணவராக இருப்பவர்கள் இன்றைக்கே தொடங்கலாம். முன்னாள் மாணவர்களை ஃபோனில் அழைத்துப் பேசும் வேலையைப் பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களிடமே தருகின்றன. ஒரு மாலையில் 40 பேர் ‘வேண்டாம்’ என்று சொல்வதைக் கேட்டுவிட்டு 41-வது அழைப்பை அதே கனிவோடு எடுக்கப் பழகுவது வேறெங்கும் கிடைக்காத பயிற்சி. படித்து முடித்தவர்கள் தங்கள் வகுப்பின் சார்பில் நண்பர்களிடம் நிதி திரட்டிப் பார்க்கலாம், முன்னாள் மாணவர் சந்திப்பு நடத்த உதவலாம்.

முதல் வேலையாக எதை எடுப்பது? என்னைக் கேட்டால், பதிவேடுகளும் ரசீதும் கையாளும் பிரிவு, அல்லது நன்கொடையாளர் உறவு. நேரே பெருநன்கொடைக்குத் தாவ ஆசை இருக்கும், சம்பளமும் அங்கே கூடுதல். ஆனால் பணம் உள்ளே வந்தபின் எங்கெல்லாம் போகிறது, எங்கே சிக்குகிறது என்று தெரியாதவர், கொடுப்பவரிடம் தரும் வாக்குறுதிகள் பின்னால் நிற்பதில்லை. ஓர் ஆண்டு ரசீது போட்டுப் பாருங்கள். ஒரு பெயரில் ஓர் எழுத்து தப்பினால் ஒரு மனிதருக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரியும்.

நேர்முகத் தேர்வுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். மூன்று நன்றிக் கடிதங்கள் எழுதி எடுத்துப் போங்கள்: முதல்முறை சிறு தொகை கொடுத்தவருக்கு ஒன்று, இறந்துபோன மகளின் பெயரில் உதவித்தொகை வைத்த பெற்றோருக்கு ஒன்று, இருபது ஆண்டுகளாகக் கொடுத்துவருபவருக்கு ஒன்று. நான் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு வந்தபோது, சான்றிதழ்களைவிட அந்த இரண்டாவது கடிதத்தைத்தான் முதலில் படித்தேன்.

நன்றிக் கடிதம் என்றதும் கைக்கு வரும் வாக்கியம் இதுதான்: ‘தங்களின் தாராளமான நன்கொடைக்கு எங்கள் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.’ இதில் பிழை ஏதும் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதுதான் சிக்கல். இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: ‘நீங்கள் அனுப்பிய பணத்தில் வேதியியல் ஆய்வகத்துக்கு இரண்டு நுண்தராசுகள் வாங்கினோம். இதுவரை ஒரே தராசுக்கு 30 மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். நேற்று மதியம் நான் போனபோது வரிசை இல்லை.’ எழுதியவர் எழுந்து ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். படிப்பவருக்கு அது தெரியும்.

நான்காம் படி: முதல் ஆண்டில் ஃபைல்களோடு இருங்கள்

வேலை கிடைத்ததும் எல்லாரையும் சந்திக்கக் கிளம்பத் தோன்றும். பொறுங்கள். பழைய ஃபைல்களைப் படியுங்கள். தினம் ஐந்து என்று வைத்துக்கொண்டால் ஆண்டு முடிவில் ஆயிரத்துக்கும் மேல் படித்திருப்பீர்கள். யார் எப்போது கொடுப்பதை நிறுத்தினார்கள், அதற்கு முன் என்ன நடந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் அங்கே பதில் போகாத ஒரு கடிதம் இருக்கும்.

டேட்டாபேஸை மற்றவர்களைவிட ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ரெய்சர்ஸ் எட்ஜ், சேல்ஸ்ஃபோர்ஸ் என்று மென்பொருள் எதுவாக இருந்தாலும் சரி, தேவையான பட்டியலை நீங்களே எடுக்கத் தெரிய வேண்டும்.

சந்திப்புக் குறிப்பு எழுதுவது தனிக் கலை. ‘நல்ல சந்திப்பு. ஆர்வமாக இருக்கிறார். மீண்டும் தொடர்புகொள்ள வேண்டும்.’ இப்படி எழுதிய நூறு குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் எதற்கும் உதவவில்லை. இப்படி எழுதுங்கள்: ‘ஒரு மணி நேரம் பேசினோம். விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் இரண்டாம் ஆண்டில் படிப்பை விட இருந்ததாகவும், அப்போதைய விடுதிக் காப்பாளர் தன் கையிலிருந்து கட்டியதாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் மாறியது. கட்டடங்களில் ஆர்வம் இல்லை. மகளுக்கு மே மாதம் தேர்வு, அதற்கு முன் அழைக்க வேண்டாம். அடுத்தது: அவசர உதவி நிதி எப்படி நடக்கிறது என்று ஜூனில் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்ப வேண்டும்.’ நாளைக்கு நீங்கள் இல்லாவிட்டாலும் அடுத்தவர் இதைப் படித்துவிட்டுத் தொடரலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த மனிதரே ஒரு நாள் படிக்கலாம் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள். ஐரோப்பாவில் 2018-ல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகள்போலப் பல நாடுகளின் சட்டங்கள் அந்த உரிமையை அவருக்குத் தருகின்றன. வதந்தி, நோய் விவரம், குடும்பச் சண்டை எதுவும் அங்கே இடம்பெறக் கூடாது. 2020-ல் பல பல்கலைக்கழகங்கள் நம்பியிருந்த ஒரு மென்பொருள் நிறுவனத்தின் தரவு திருடுபோய், உலகெங்கும் நன்கொடையாளர்களுக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டி வந்தது. நாம் எழுதிவைப்பது பிறர் கைக்குப் போகக்கூடும்.

ஐந்தாம் படி: சந்திப்பும் கேட்பதும்

பெருநன்கொடைப் பிரிவில் ஒருவர் பொறுப்பில் பொதுவாக 100 முதல் 150 பெயர்கள் இருக்கும். அடையாளம் காண்பது, தகுதி பார்ப்பது, பழகுவது, கேட்பது, கொடுத்தபின் பேணுவது என்று ஐந்து கட்டங்களாக இதைப் பிரித்துச் சொல்வார்கள். முதல் சந்திப்புக்கும் பெரிய தொகைக்கும் இடையே ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆவது சாதாரணம்.

முதல் சந்திப்பில் பணப் பேச்சை எடுக்காதீர்கள். ஆனால் எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதை மறைக்கவும் மறைக்காதீர்கள். “நான் நிதி திரட்டும் அலுவலகத்திலிருந்து வருகிறேன். இன்றைக்கு எதுவும் கேட்க வரவில்லை. நீங்கள் இங்கே படித்த காலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தேன்” என்று சொன்னால் எதிரே இருப்பவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவார். அப்புறம் இரண்டே கேள்விகள் போதும். ‘இங்கே உங்களுக்கு யார் கைகொடுத்தார்கள்?’ ‘இதுவரை நீங்கள் செய்த உதவிகளில் எது உங்களுக்கு நிறைவு தந்தது?’ முதல் கேள்வி பல்கலைக்கழகத்தோடு அவருக்கு உள்ள முடிச்சைக் காட்டும். இரண்டாவது, அவர் எப்படிக் கொடுக்க விரும்புகிறார் என்பதைக் காட்டும்.

கேட்கும் நாள் வரும்போது சுற்றி வளைக்காதீர்கள். எதற்கு, எவ்வளவு, எத்தனை ஆண்டுகளில் என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். “விடுதிக் கட்டணம் கட்ட முடியாத மாணவர்களுக்கு ஓர் அவசர நிதி தொடங்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். அதற்கு 10 லட்சம், ஐந்து ஆண்டுகளில், நீங்கள் தருவதைப் பற்றி யோசிக்க முடியுமா?” அவ்வளவுதான். இதைச் சொன்னபின் வாயைத் திறக்காதீர்கள். அடுத்த பத்து விநாடிகள் மிக நீளமாகத் தெரியும். புதியவர்கள் அந்த அமைதியைத் தாங்காமல் “இவ்வளவு முடியாவிட்டால் பாதிகூட…” என்று தாங்களே குறைத்துவிடுவார்கள். எதிரே இருப்பவர் மறுப்பதற்காக அமைதியாக இல்லை. மனைவியிடம் எப்படிச் சொல்வது, எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.

‘இல்லை’ என்று சொன்னால் எதற்கு இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொகைக்கா, நோக்கத்துக்கா, நேரத்துக்கா, பல்கலைக்கழகத்துக்கேவா? முதல் மூன்றுக்கும் வழி உண்டு. நான்காவது என்றால் நன்றி சொல்லி எழுந்துவிட வேண்டும். அடுத்த முறை அவர் துறையில் ஏதாவது நல்லது நடந்தால் ஒரு கடிதம் எழுதலாம், பணம் கேட்காமல்.

ஆறாம் படி: கொடுத்த பிறகுதான் வேலை தொடங்குகிறது

முதல்முறை கொடுப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் முறை கொடுப்பதில்லை. காரணம் பெரும்பாலும் கோபம் இல்லை, மறதிதான். நாம் அவர்களை மறந்தோம், அவர்கள் நம்மை மறந்தார்கள். பணம் வந்த இரண்டு நாட்களுக்குள் நன்றி போய்விட வேண்டும். ரசீதும் நன்றியும் தனித்தனியாகப் போவது நல்லது. ரசீது வரிக்கணக்குக்கு, நன்றி மனிதருக்கு. முதல்முறை கொடுத்தவர் சிறு தொகை கொடுத்திருந்தாலும் ஃபோனில் கூப்பிட்டு ஒரு நிமிடம் பேசுங்கள். எதையும் கேட்காத அந்த அழைப்பைப் பலர் வருடக்கணக்கில் நினைவு வைத்திருக்கிறார்கள்.

நிரந்தர நிதி வைத்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நிதியின் மதிப்பு, செலவான தொகை, யாருக்குப் போனது என்று அறிக்கை அனுப்ப வேண்டும். சந்தை இறங்கிய ஆண்டில் தயங்காமல் அதையும் சொல்லுங்கள். மாணவர்களிடம் நன்றிக் கடிதம் வாங்கும்போது கவனம் வேண்டும். தன் ஏழ்மையை விவரித்து எழுதும்படி எந்த மாணவரையும் கேட்காதீர்கள். ‘இப்போது என்ன படிக்கிறாய், எது பிடித்திருக்கிறது, அடுத்து என்ன செய்ய ஆசை’ என்று எழுதச் சொன்னால் போதும். கொடுப்பவருக்கும் அதுதான் மகிழ்ச்சி தருகிறது.

உயில் கொடை பற்றி ஒரு நிகழ்வைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஹாட்டிஸ்பர்க் என்ற ஊரில் ஒசியோலா மெக்கார்ட்டி என்று ஒரு பெண்மணி இருந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, வாழ்நாள் முழுக்கப் பிறர் துணிகளைத் துவைத்துப் பிழைத்தவர். தன் சேமிப்பை என்ன செய்வது என்று முடிவெடுக்க, வங்கி அலுவலர் அவர் முன் பத்து நாணயங்களை வைத்து, ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கு என்றார். ஒரு நாணயம் தேவாலயத்துக்கு, மூன்று உறவினர்களுக்கு ஆளுக்கு ஒன்று. மிச்சம் ஆறும் சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு. 1995-ல் இது வெளியே தெரிந்தபோது அவருக்கு வயது 87, அந்தப் பங்கின் மதிப்பு 1,50,000 டாலர். அவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் இல்லை. வசதி உள்ளவர்களைக் கண்டுபிடிக்கும் எந்த ஆராய்ச்சிப் பட்டியலிலும் இப்படி ஒரு பெயர் வந்திருக்காது. சிறு தொகை அனுப்புகிறவரின் கடிதத்துக்கும் பதில் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இவர் ஒரு காரணம். இன்னொரு காரணம், பத்து நாணயங்களை மேஜையில் வைத்த அந்த அலுவலர். சட்டச் சொற்களைத் தள்ளிவைத்து, அவர் கையாலேயே பிரிக்கும்படி செய்தார்.

ஏழாம் படி: பேரியக்கத்தின் கணக்கு

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பல்கலைக்கழகங்கள் பெரிய இலக்கு வைத்து இயக்கம் நடத்தும். அதில் ஒருமுறையாவது வேலை செய்யுங்கள். இலக்கு 100 என்றால் முதல் கொடையே 10 முதல் 20 வரை இருக்க வேண்டும், அதன் கீழ் சில பெரிய கொடைகள், அதன் கீழ் பல சிறியவை என்று ஒரு படிக்கட்டு அட்டவணை போடுவார்கள். ஒரு கொடை கிடைக்க மூன்று, நான்கு பேரிடமாவது பேச வேண்டும் என்ற கணக்கும் அதில் உண்டு. இலக்கில் பாதிக்கு மேல் உறுதியான பிறகுதான் ஊருக்கு அறிவிப்பார்கள். அறிவிப்பு விழாவில் கைதட்டல் கேட்கும்போது உள்ளே இருப்பவர்கள் ஏற்கெனவே மூன்று வருடம் ஓடியிருப்பார்கள்.

எட்டாம் படி: எதை வாங்கக் கூடாது

பணம் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர் இந்தத் துறையில் நீண்ட நாள் நல்ல பெயரோடு இருக்க முடியாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி-யில் உள்ள மீடியா லேப் என்ற ஆய்வகம், பாலியல் குற்றத்துக்காக 2008-லேயே தண்டிக்கப்பட்ட ஜெஃப்ரி எப்ஸ்டீனிடமிருந்து பணம் பெற்றது 2019-ல் பெரிதாக வெடித்து, அதன் இயக்குநர் பதவி விலகினார். எப்ஸ்டீனுக்கு 2012-ல் போன ஒரு நன்றிக் கடிதத்தில் பல்கலைக்கழகத் தலைவரே கையெழுத்திட்டிருந்ததும் தெரியவந்தது. தலைவர் கையெழுத்துக்குப் போகும் நன்றிக் கடிதங்களை எழுதி அனுப்புவது நம் பிரிவு. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, பெயர் தெரியாத ஒருவருக்குக் கடிதம் தயாரிக்கும் முன் யார் அவர் என்று பார்க்காமல் நான் அனுப்பியதில்லை.

அதேபோல லிபியாவை அப்போது ஆண்டுகொண்டிருந்த கடாபியின் குடும்பத்தோடு தொடர்புடைய அறக்கட்டளையிடம் பணம் பெற ஒப்புக்கொண்ட விவகாரத்தில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் இயக்குநர் 2011-ல் பதவி விலகினார்.

வாங்கிய பணத்தை வேறு வழியில் செலவழித்தாலும் சிக்கல்தான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு ராபர்ட்சன் குடும்பம் 1961-ல் 3.5 கோடி டாலர் கொடுத்தது, அரசுப் பணிக்கு மாணவர்களைத் தயார்ப்படுத்த. அந்த நோக்கம் காக்கப்படவில்லை என்று பிள்ளைகள் 2002-ல் வழக்குத் தொடுத்தார்கள். 2008 இறுதியில் சமரசம் ஆனது. வழக்குச் செலவுக்காக 4 கோடி டாலரும், அதே நோக்கத்துக்கான புதிய அறக்கட்டளைக்கு 5 கோடி டாலரும் கொடுக்க வேண்டி வந்தது. அதனால் ஒப்பந்தத்தில் ‘இந்த நோக்கம் ஒரு காலத்தில் சாத்தியமில்லாமல் போனால் என்ன செய்வது’ என்ற பத்தி இல்லாமல் கையெழுத்து வாங்காதீர்கள். யாரைப் பேராசிரியராக எடுப்பது, எந்த மாணவருக்கு உதவித்தொகை என்று முடிவெடுக்கும் உரிமையைக் கொடுப்பவருக்குத் தரவும் கூடாது.

வேலைக்குச் சேரும்போது திரட்டும் தொகையில் சதவீதம் தருகிறோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். நிதி திரட்டுவோர் சங்கமான ஏஎஃப்பி-யின் நெறிமுறை அதைத் தடைசெய்கிறது, அதில் நியாயம் இருக்கிறது. கமிஷன் வாங்குபவர் கொடுப்பவருக்கு எது நல்லது என்று யோசிக்க முடியாது. இன்னொன்று, குறிப்பாக இளம் பெண்களுக்கு: எவ்வளவு பெரிய நன்கொடையாளராக இருந்தாலும் எல்லை மீறினால் அந்தச் சந்திப்பை விட்டு எழுந்து வாருங்கள், அன்றே எழுத்தில் பதிவு செய்யுங்கள். உங்கள் பக்கம் நிற்காத மேலதிகாரியிடம் வேலை செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

ஒன்பதாம் படி: வளர்வதும் கைமாற்றுவதும்

மூன்று ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு, நிதி திரட்டுவோருக்கென்றே உள்ள சிஎஃப்ஆர்இ (CFRE) என்ற தொழில்முறைச் சான்றிதழுக்கு முயலலாம். கடைசி ஐந்து ஆண்டுகளில் 36 மாதமாவது இந்தத் தொழிலில் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. கல்வி நிறுவனங்களுக்கென்றே 1974-ல் உருவான கேஸ் (CASE) அமைப்பின் பயிற்சிகளும், நன்கொடையாளர் உறவுக்கான ஏடிஆர்பி, ஆராய்ச்சிக்கான ஆப்ரா போன்ற அமைப்புகளும் உதவும். சான்றிதழ் கதவைத் திறக்கும், அவ்வளவே. ஊழியர், மேலாளர், இயக்குநர், துணைத்தலைவர் என்று படிகள் உண்டு. மேலே போகப் போக நன்கொடையாளரோடு இருக்கும் நேரம் குறைந்து, துணைவேந்தரையும் டீன்களையும் தயார்ப்படுத்தும் நேரம் கூடும். அது பிடிக்காதவர்கள் இருபது ஆண்டுகள் களத்திலேயே இருந்து நல்ல மதிப்போடு ஓய்வுபெறலாம். இரண்டுமே நல்ல வழிகள்தான்.

ஓர் இடத்தில் எத்தனை நாள் இருப்பது? இரண்டே வருடத்தில் மாறினால் சம்பளம் ஏறும், ஆனால் நீங்கள் விதைத்ததன் அறுவடையை ஒருபோதும் பார்க்கமாட்டீர்கள். நன்கொடையாளருக்கோ ஒவ்வொரு முறையும் ஒரு புது முகத்திடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். முடிந்தால் ஐந்து ஆண்டுகளாவது இருங்கள்.

போகும்போது ஒழுங்காகக் கைமாற்றிவிட்டுப் போங்கள். உங்கள் பட்டியலில் முக்கியமான இருபது பேரிடம் நீங்களே சொல்லுங்கள், முடிந்தால் புதியவரை நேரில் அழைத்துப் போய் அறிமுகம் செய்யுங்கள். அந்தச் சந்திப்பில் நீங்கள் குறைவாகப் பேசுங்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஐந்து வரி எழுதிவையுங்கள்: ஏன் கொடுக்கிறார், என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம், எப்படித் தொடர்புகொண்டால் பிடிக்கும், எதைப் பேசக் கூடாது, அடுத்து என்ன.

முதலில் சொன்ன பெரியவருக்கு நான் எழுதிவைத்த ஐந்து வரி இது. ‘18 ஆண்டுகளாகக் கொடுக்கிறார். அவர் அப்பா படிக்க ஆசைப்பட்டு முடியாமல் போனவர். மின்னஞ்சல் பார்ப்பதில்லை, ஃபோன் செய்யவும், காலை பத்து மணிக்கு மேல். பணம் பற்றிப் பேச வேண்டாம், தானே அனுப்புவார். ஒவ்வொரு ஜூலையிலும் அந்த ஆண்டு அவர் பணத்தில் படிக்கும் மாணவர் என்ன பாடம் படிக்கிறார் என்று சொல்ல வேண்டும், கேட்டுவிட்டு நிறையக் கேள்வி கேட்பார், அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளவும்.’